சீர்காழியில் ஒரு சித்திரை: நாள் பார்த்துப் பிள்ளை பெறலாமா?

சிதம்பரம் தாண்டி ரயில் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது, எத்தனை முறை போனவளானாலும் நான் ஜன்னல் ஓரம் போய் நின்றுவிடுவேன். ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் சரி, வெறும் மணலாகக் கிடந்தாலும் சரி, அந்தப் பாலத்தைத் தாண்டினால்தான் பிறந்த ஊருக்கு வந்துவிட்டோம் என்று மனசு ஒப்புக்கொள்ளும். போன வருடம் சித்திரையில் போனபோது என்னோடு என் பெண்ணும் வந்திருந்தாள். அவளுக்கு எட்டாவது மாதம், தலைப்பிரசவம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பகல் வண்டியான சோழன் எக்ஸ்பிரஸில் மெதுவாகத்தான் வந்தோம்.

இருபுறமும் சம்பா, தாளடி அறுவடை முடிந்த வயல்கள். அந்த ஈரத்திலேயே தெளித்து விளைந்த உளுந்தையும் பயறையும் பிடுங்கிக் களத்தில் காயப் போட்டிருந்தார்கள். "பாருடி, நீ பெத்துப் பிழைச்சதும் உனக்குக் களி கிண்டிப் போடற உளுந்து இதுதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த போனையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். சம்பந்தி அம்மாள் ஜோசியரைக் கலந்துகொண்டு ஒரு நாள் குறித்து வைத்திருந்தார்கள். அன்று காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் குழந்தை பிறந்தால் அமோகமான ஜாதகமாம். டாக்டர் கொடுத்திருந்த தேதிக்கு இரண்டரை வாரம் முன்னதாகவே வருகிறது அந்த நாள். "இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க? நாம கேட்டா டாக்டரே செஞ்சு கொடுத்துடறாங்க" என்று சம்பந்தி அம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். "சீர்காழிக்குப் போறீங்களே, பக்கத்துலதானே வைத்தீஸ்வரன் கோயில்? அங்கேயும் ஒரு ஓலை பார்த்துட்டு வந்துடுங்க" என்று வேறு சேர்த்துக் கொண்டார்கள்.

என் பெண்ணுக்கோ வலியை நினைத்து பயம். "வலியே இல்லாம முடிஞ்சிடும்னா ஏம்மா வேணாங்கறே?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "முதல்ல ஊருக்குப் போய் அத்தைப் பாட்டியைப் பார்த்துட்டு வருவோம், வா" என்று மட்டும் சொன்னேன்.

பாலுக்கு விழா எடுக்கும் ஊர்

சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. பிரமபுரம், தோணிபுரம், கழுமலம் என்று என் பாட்டி விரல் விட்டு எண்ணிச் சொல்வாள். பழைய தஞ்சை ஜில்லாவில் இருந்த ஊர்; பிறகு நாகப்பட்டினம் மாவட்டம்; 2020 டிசம்பர் முதல் மயிலாடுதுறை மாவட்டம். ஜில்லா மாறினாலும் கோயில் மாறவில்லை. கீழே பிரம்மபுரீஸ்வரர், நடுவில் மலைபோல் உயர்ந்த கட்டில் தோணியப்பர், அதற்கும் மேலே சட்டைநாதர். சட்டைநாதர் சந்நிதிக்குப் போகும் பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. ஆண்களுக்குச் சட்டை கூடாது. படி ஏற வேண்டாம் என்று பெண்ணைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் பூவைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய் வந்தேன்.

இந்த ஊர் உலகத்துக்குத் தெரிந்ததே ஒரு குழந்தையின் பசியால்தான். மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தர், அப்பா குளத்தில் மூழ்கியதும் அவரைக் காணாமல், பிரம்ம தீர்த்தக் கரையில் நின்று அழுதார். அம்பிகையே வந்து பொற்கிண்ணத்தில் தன் பாலை ஊட்டினாள். அன்று பாடத் தொடங்கிய குழந்தைதான் திருஞானசம்பந்தர். சித்திரைப் பெருவிழாவில் இந்தத் திருமுலைப்பால் உற்சவம் நடக்கும்போது ஊர்ப் பெண்கள் சொம்பிலும் கிண்ணத்திலும் பால் கொண்டு வந்து நிவேதனம் செய்து, அதைத் தங்கள் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். இடுப்பில் பிள்ளையும் கையில் பால் கிண்ணமுமாக நூற்றுக்கணக்கான இளம் தாய்மார்களை அன்று குளக்கரையில் பார்த்தோம். என் பெண் அவர்களையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பாலுக்கு இப்படி விழா எடுத்த நம் வீடுகளிலேயே, பிரசவமான முதல் இரண்டு நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலை 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டியிருக்கிறோம். குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்திருக்கிறோம். அந்தச் சீம்பால்தான் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தரும் முதல் மருந்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட வேண்டும் என்பதுதான் இன்றைய வைத்தியம் சொல்வது. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 குழந்தைகளில் சுமார் 60 குழந்தைகளுக்குத்தான் அந்த முதல் மணியில் பால் கிடைத்திருக்கிறது. மீதி 40 குழந்தைகளும் காத்திருந்திருக்கின்றன.

அத்தை சொன்னது

அத்தைக்கு 84 வயது. காது கொஞ்சம் மந்தம். ஞாபகம் மட்டும் கத்தி. நான் 1963-ல் பிறந்தது அந்த வீட்டின் பின்கட்டு அறையில்தான். உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து அம்மா என்னைப் பெற்றாளாம். பிரசவம் பார்த்தது மருத்துவச்சி. முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள்தான் அப்போது பரம்பரையாகப் பிரசவம் பார்த்தார்கள்.

"அவ மாதிரி ஒரு பொம்பளை கிடையாதுடி" என்றாள் அத்தை. "வலி எடுத்ததுன்னு ஆள் அனுப்பினா ராத்திரி ரெண்டு மணியானாலும் வந்துடுவா. வந்தா புள்ளை பிறக்கற வரைக்கும் இடத்தை விட்டு நகர மாட்டா. இடுப்பைப் பிடிச்சு விடுவா, வெளக்கெண்ணெய் தடவுவா, சிரிக்க வைப்பா. நாங்க என்ன கொடுத்தோம்? ரெண்டு மரக்கா நெல்லு, ஒரு பழம்புடவை. சோறு கூட கொல்லைப்புறத்துலதான் போட்டோம். உசிரைக் கையில வாங்கினவளுக்குக் கூடத்துல இடமில்லே. இப்ப நெனைச்சா வெக்கமா இருக்கு."

என் பெண் ஆர்வமாகிவிட்டாள். "அப்போ வீட்டுலயே பெத்துக்கறதுதான் நல்லதா பாட்டி?" என்றாள்.

அத்தையின் முகம் மாறியது. "அடி போடி பைத்தியக்காரி! நீ கேட்டதால சொல்றேன். எனக்கு மொதப் புள்ளை 1961-ல. ஆம்பளைப் புள்ளை, கிண்ணுனு இருந்தான். அரிவாளால கொடியை அறுத்து, சாம்பலை வெச்சாங்க. ஆறாம் நாளு பாலைக் குடிக்க மாட்டேன்னுட்டான். வாயைத் தெறக்க முடியலே. வில்லு மாதிரி வளைஞ்சு போனான். எட்டாம் நாளு போயிட்டான். தோஷம்னாங்க, என் ஜாதகம்னாங்க. அந்த அரிவாளை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலே."

நாங்கள் இருவரும் பேச்சற்றுப் போனோம். அறுபது வருடங்களுக்கு மேலாக அந்தக் குழந்தையைப் பற்றி அத்தை பேசி நான் கேட்டதில்லை. அது தோஷமல்ல, வில்வாத ஜன்னி என்னும் டெட்டனஸ். சுத்தமில்லாத ஆயுதமும் சாம்பலும் கொண்டு வந்த நோய். கர்ப்ப காலத்தில் தாய்க்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்துதான் அதை ஒழித்தன. 2015-ல் இந்தியா அந்த நோயைப் பச்சிளங்குழந்தைகளிடையே கட்டுப்படுத்திவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. அத்தையின் மகனுக்கு 54 வருடம் தாமதமாக வந்த செய்தி.

கூச்சமும் அந்தக் காலத்தில் பல உயிர்களை வாங்கியது. திண்டிவனத்தில் இளம்பெண் ஐடா ஸ்கடர் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து ஆட்கள் வந்து பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை அமெரிக்காவுக்குப் போய் டாக்டராகத் திரும்ப வைத்தது. 1900-ல் வேலூரில் அவர் தொடங்கிய சிறு வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

எதிர்வீட்டு நர்ஸம்மா

சாயந்திரம் எதிர்வீட்டு அம்மா வந்தார். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் விவகாரத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல டிராக்டர்ல வெச்செல்லாம் பொம்பளையைக் கொண்டு போயிருக்கோம்மா. ரத்தப்போக்கு நிக்காம வழியிலேயே போன உயிரெல்லாம் உண்டு. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துல 24 மணி நேரமும் நர்ஸ் இருக்க ஏற்பாடாச்சு. 2008-ல 108 வண்டி வந்துச்சு. இப்ப வீட்டுப் பிரசவம்னு ரெஜிஸ்தர்ல எழுதவே ஆளில்லை" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அதே 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100-க்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்திருக்கின்றன. 2018-20-ல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறந்த தாய்மார்கள் நம் மாநிலத்தில் 54. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 97. இது சாதாரணச் சாதனையில்லை.

"ஆனா இன்னொரு கணக்கு இருக்கு" என்றார் நர்ஸம்மா. அது சிசேரியன் கணக்கு. 2005-06-ல் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 20 சிசேரியன். 2015-16-ல் 34. 2019-21-ல் 45. அரசு மருத்துவமனைகளில் 36 என்றால், தனியார் மருத்துவமனைகளில் 64. பக்கத்துத் தெலங்கானாவில் எல்லாம் சேர்த்தே 60-க்கு மேல். 100-க்குப் பத்து என்ற அளவைத் தாண்டி ஒரு நாட்டில் சிசேரியன் கூடுவதால் மட்டும் தாய், சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது.

"அப்போ சிசேரியன் கெட்டதா?" என்றாள் என் பெண்.

"யார் சொன்னா? எத்தனை உசிரைக் காப்பாத்தியிருக்கு! நஞ்சு கீழே வந்து வழியை மறிச்சிருந்தா, குழந்தை குறுக்கே கிடந்தா, கொடி முன்னால வந்துட்டா, குழந்தையோட நாடித்துடிப்பு இறங்கினா ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாது, அறுத்துத்தான் எடுக்கணும். பிரஷர் ஏறி ஜன்னி கண்டாலும் பல சமயம் அதுதான் வழி. காரணம் இருந்தா அது வரம். காரணமில்லாம, நல்ல நேரத்துக்காகச் செய்யறதுதான் வேண்டாங்கறேன்."

பிறகு அவர் சொன்னதை நான் மனசில் குறித்துக் கொண்டேன். குழந்தையின் நுரையீரல் பக்குவமாவதே கடைசி வாரங்களில்தான். காரணமில்லாமல் முன்கூட்டி எடுத்த குழந்தைகள் சில மூச்சுத் திணறி, தாயை விட்டுத் தனி வார்டுக்குப் போக நேர்கிறது. வேறு காரணம் இல்லாமல் திட்டமிட்டுச் செய்யும் சிசேரியனை 39 வாரம் முடியும்வரை தள்ளிப் போடச் சொல்வது இதற்காகத்தான். வலி வருவதற்கும் ஓர் உபயோகம் உண்டு. அந்த நேரத்தில் சுரப்பவை, குழந்தையின் நுரையீரலில் இருக்கும் நீர் வற்ற உதவுகின்றன. "மாம்பழம் மரத்துல பழுக்கறதுக்கும் கல்லு வெச்சுப் பழுக்க வைக்கறதுக்கும் வித்தியாசம் தெரியுமில்லே?" என்று என் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

தாய்க்கு வருவதோ அடுத்த பிரசவத்தில். பழைய தையல் தழும்பின் மேல் நஞ்சு போய் ஒட்டிக்கொண்டு, பிரியாமல் ரத்தம் கொட்டும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு சிசேரியனுக்கும் அந்த ஆபத்து கூடுகிறது. 'வலியில்லாமல் முடிந்துவிடும்' என்பதும் சரியில்லை. ஆபரேஷன் சமயத்தில் தெரியாத வலி, மரத்துப் போனது தெளிந்ததும் வரும். குழந்தையைத் தூக்க, எழுந்து உட்கார, தும்மக்கூடப் பல நாள் சிரமம்.

ஒரு முறை சிசேரியன் ஆனால் எப்போதுமே சிசேரியன்தான் என்பதும் கட்டாயமில்லையாம். தகுந்த தாய்மார்கள், உடனே ஆபரேஷன் செய்யும் வசதியுள்ள மருத்துவமனையில் முயன்றால், 100-க்கு 60 முதல் 80 பேர் வரை சுகப்பிரசவமாகிறார்கள். தழும்பு விட்டுப்போகும் ஆபத்து சுமார் 200-ல் ஒருவருக்கு. அதனால்தான் அதை வீட்டிலோ சிறு கிளினிக்கிலோ செய்து பார்க்கக் கூடாது.

எதிர்ப்பக்கம் போய் ஏமாறுபவர்களும் உண்டு. 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே 'இயற்கைப் பிரசவம்' செய்யப் போய் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் உயிரிழந்தார். "மருத்துவச்சி காலத்துக்குத் திரும்பணும்னு பேசறவங்க, உங்க அத்தையை வந்து கேட்கட்டும்" என்றார் நர்ஸம்மா.

தாயுமானவர் செய்த வேலை

ராத்திரி திண்ணையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். மருத்துவச்சியின் அரிவாள் நமக்கு வேண்டாம். ஆனால் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் துணை? அதை ஏன் விட்டோம்?

நம் காவிரிக் கரைக்கு இது புதிதல்ல. திருக்கருகாவூரில் கருவைக் காக்க ஒரு அம்பாள் இருக்கிறாள். சீர்காழியில் பாலூட்ட ஒருத்தி. திருச்சி மலைக்கோட்டையில் துணையிருக்க ஒருவர். காவிரியில் வெள்ளம் வந்து, பெண்ணின் பிரசவத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் நின்றுவிட, சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தாராம். அதனால்தான் அவர் தாயுமானவர்.

இன்றைய ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்கிறது. வலி நேரம் முழுவதும் நம்பிக்கையான ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, தாயின் மனசும் நன்றாக இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டம் 2004-லேயே வந்தது. என் முதல் பிரசவத்தின்போது, 1988-ல், ஒரு மருத்துவமனையில் என்னைத் தனியாக ஒரு கட்டிலில் படுக்க வைத்து, அம்மாவை வெளி வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். கத்தினால் அதட்டல் வேறு. அந்தத் தனிமையின் பயம் வலியைவிடப் பெரியது. என் பெண்ணின் பயத்துக்கு வித்து, நான் அவளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்த அந்தக் கதைதானோ என்று அன்றிரவு தோன்றியது.

காலையில் அவளே வந்து சொன்னாள். "அம்மா, நீ உள்ளே என் கூடவே இருப்பேன்னா நான் காத்திருக்கேன்."

பிறகு நடந்தது

சென்னைக்குத் திரும்பியதும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். நான் நேராகவே கேட்டேன்: "இப்போ ஆபரேஷன் செய்ய வேண்டிய காரணம் ஏதாவது இருக்கா?" டாக்டரும் நேராகவே சொன்னார்: "ஒண்ணும் இல்லை. குடும்பத்துல கேட்டாங்க, அதனால சரின்னேன். காத்திருந்தா சந்தோஷம்." கூடவே நான் இருக்கவும் சம்மதித்தார். சம்பந்தி அம்மாளுக்கு வருத்தம்தான். குழந்தையின் மூச்சைப் பற்றி மாப்பிள்ளையே எடுத்துச் சொன்ன பிறகு, "குழந்தைக்கு ஆகாததை நான் கேட்பேனா?" என்று விட்டுக் கொடுத்தார்கள்.

39 வாரம் முடிந்து நாலாம் நாள் வலி கண்டது. ராத்திரி முழுக்க அவளை நடக்க வைத்தேன், இடுப்பைப் பிடித்துவிட்டேன், கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். விடியற்காலையில் குழந்தையின் இதயத் துடிப்பு திடீரென்று இறங்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து பார்த்தார். "இப்போ காரணம் இருக்கும்மா" என்றார். அரை மணி நேரத்தில் சிசேரியன். பெண் குழந்தை, 2 கிலோ 900. பிறந்ததும் வீல் என்று அழுதது. முதுகில் போட்ட ஊசியால் என் பெண் விழித்தே இருந்தாள். ஒரு மணி நேரம் ஆவதற்குள் குழந்தை மார்பில் வாய் வைத்துவிட்டது.

"கடைசியில ஆபரேஷன்தானே? அன்னிக்கே செஞ்சிருக்கலாமே" என்று உறவில் ஒருத்தி கேட்டாள். அப்படியில்லை. அன்று செய்திருந்தால் பஞ்சாங்கத்துக்காக. இன்று செய்தது குழந்தைக்காக. தழும்பு ஒன்றுதான், ஆனால் என் பெண் அதைப் பார்க்கும்போது வருத்தப்பட ஒன்றுமில்லை.

கர்ப்பமாயிருக்கும் சகோதரிகள் டாக்டரிடம் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆபரேஷன் தேவை என்றால் காரணம் என்ன, அது அவசரமா, காத்திருக்கலாமா? பிரசவ அறையில் என் மனுஷி ஒருத்தி கூட இருக்கலாமா? வலி நேரத்தில் நடமாட விடுவீர்களா, தண்ணீர் குடிக்கலாமா? சிசேரியனே ஆனாலும் முதல் மணி நேரத்தில் குழந்தையை என் மார்பில் கொடுப்பீர்களா? ராத்திரியில் அவசரம் என்றால் மயக்க மருந்து டாக்டரும் ரத்தமும் கிடைக்குமா? நல்ல டாக்டர் இவற்றுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அரசு மருத்துவமனையில் சிசேரியன் உள்பட பிரசவத்துக்குச் செலவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் எது கண்டாலும் நாளும் பார்க்க வேண்டாம், நேரமும் பார்க்க வேண்டாம், உடனே புறப்படுங்கள்.

செய்தி சொல்ல அத்தைக்குப் போன் செய்தேன். "என்ன நட்சத்திரம்?" என்று கேட்பாள் என்று நினைத்தேன். "பால் குடிக்குதா?" என்றுதான் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். குடிக்கிறது அத்தை, நன்றாகக் குடிக்கிறது என்று உரக்கச் சொன்னேன். வரும் சித்திரைக்குக் குழந்தையையும் ஒரு கிண்ணம் பாலையும் எடுத்துக்கொண்டு, மறுபடியும் கொள்ளிடம் தாண்டப் போகிறோம்.